கொழிஞ்சாம்பாறையில் மூன்று வாரமும் ஒரு சிறுநீர் டப்பாவும்

மெல்பர்னிலிருந்து சிங்கப்பூர் வழியாகக் கோவை வந்து, வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டினால் எங்கள் ஊர்ப்பக்கம். கேரளம்தான், ஆனால் பேச்சு தமிழ். பாலக்காடு என்றதும் எல்லாரும் நினைக்கிற பச்சை சித்தூர் தாலுகாவின் கிழக்கே கிடையாது. மழை குறைவு, வெயில் அதிகம், மிச்சமெல்லாம் தென்னையும் கள்ளும்.

அம்மாவுக்கு 66 வயது. பத்து வருடமாகப் பிரஷருக்கு அம்லோடிபின் ஒன்று. மாதாமாதம் காட்டி வந்தது ஒரு தனியார் கிளினிக்கில். நானும் ஒரு நாள் கூடப் போனேன். ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே அளந்து, 130/80 என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் அரசு குடும்ப ஆரோக்கிய மையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே நர்ஸ் ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொன்னார், கையை மேசைமேல் வைத்து அளந்தார். 158/94. இன்னொரு முறை அளந்தும் ஏறக்குறைய அதேதான். ஓ.பி. சீட்டில் இருந்த மலையாளத்தை அவரே தமிழில் படித்துச் சொன்னார். அம்மா படித்தது தமிழ்ப் பள்ளியில். மலையாளம் பேசுவாள், எழுத்து ஓடாது.

ரத்தத்தில் கிரியாட்டினின் 1.1. தசையிலிருந்து வரும் கழிவு அது; சிறுநீரகம்தான் வடிகட்டி வெளியே அனுப்பும். ரிப்போர்ட்டில் அது நார்மல் கட்டத்துக்குள்தான் இருந்தது. அங்கேதான் எனக்கு உறுத்தியது. அதே 1.1 முப்பது வயது ஆணுக்கு என்றால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 90 மில்லிக்கு மேல் வரும். 66 வயதுப் பெண்ணுக்குக் கணக்குப் போட்டால் 55 சொச்சம். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் அதற்கு நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். பத்து வருடத்தில் யாருமே அவள் சிறுநீரில் புரதம் பார்க்கவில்லை.

கடைத்தெரு லேபில் சிறுநீர் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் கேட்டேன். ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்று காட்டுவது அதுதான். "சேச்சி, அது கோயமுத்தூருக்கு அனுப்பணும், நாளைக்கு வாட்ஸாப்பில் வரும்" என்றார் பையன். 450 ரூபாய். சொன்னபடி வந்தது: 180. முப்பதுக்குள் இருக்க வேண்டியது.

என் வேலை திசுப் பரிசோதனைக் கூடத்தில். சிறுநீரக பயாப்ஸி ஸ்லைடுகளை வாரத்துக்குப் பத்தாவது பார்த்துவிடுவேன். அதனால் அந்த 180 எனக்கு எண்ணாகத் தெரியவில்லை, படமாகத் தெரிந்தது. ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். அழுத்தம் ஏறி ஏறி ரத்தக்குழாய்ச் சுவர் தடிக்கும். சல்லடையைக் கட்டிப் பிடித்திருக்கும் போடோசைட் செல்கள் கழன்று போகும்; அவை போனால் புதிதாக முளைப்பது அரிது. ஓட்டை வழியாகப் புரதம் அடுத்திருக்கும் சிறுநீரக நுண்குழாய்க்குள் இறங்கும். அதை உறிஞ்சி உறிஞ்சி அலுத்த குழாய்ச் செல்கள் ஆள் கூப்பிடும், மேக்ரோஃபேஜ்கள், டி செல்கள் என்று நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து குவியும்.

செல் சாவதிலும் இரண்டு விதம் உண்டு. வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி ஒன்று, அது அப்போப்டோசிஸ். மற்றது வெடித்துச் சாவது: நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ். உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டும், பக்கத்துச் செல்லும் எரியத் தொடங்கும், அழற்சி கூடும், இன்னும் செல்கள் சாகும். கடைசியில் அந்த இடத்தில் வெறும் தழும்பு. வேடிக்கை என்னவென்றால் இது ஒருவழிப் பாதை இல்லை. டி, பி என்ற எதிர்ப்புச் செல்கள் இல்லாத எலிகளுக்குப் பிரஷரை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் ஹார்மோனைக் கொடுத்தபோது மற்ற எலிகளைப் போலப் பிரஷர் ஏறவில்லை என்று 2007-இல் அமெரிக்காவில் காட்டினார்கள். அதாவது அழற்சியும் தன் பங்குக்குப் பிரஷரை ஏற்றும்.

ரிப்போர்ட்டோடு ஆரோக்கிய மையத்துக்குத் திரும்பிப் போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண், நான் பாடம் எடுக்க இடமே கொடுக்கவில்லை. நேராக அம்மாவிடம், "முட்டு வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார். டைக்ளோஃபினாக். சீட்டே இல்லாமல் ஒரு மருந்துக்கடையில் வாங்கித் தினம் இரண்டு. எனக்கே தெரியாது. இந்த வெயிலில், தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், இதைவிடச் சிறுநீரகத்துக்கு வேறு வினை வேண்டாம். அதை நிறுத்தச் சொல்லி, அம்லோடிபினோடு டெல்மிசார்டன் சேர்த்தார். இந்த மருந்து வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையே இறக்கும், புரதம் ஒழுகுவதும் குறையும். தொடக்கத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் பயந்து நிறுத்தக் கூடாது, ஆனால் 30 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ பொட்டாசியம் கூடினாலோ உடனே வர வேண்டும், இரண்டு வாரத்தில் ரத்தம் பார்க்கணும் என்றார். மருந்து இலவசம். கூட்டம் இருந்தும் எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்.

இரண்டாம் வாரம் கிரியாட்டினின் 1.2, பொட்டாசியம் சரி, பிரஷர் 138/84. சிறுநீரை மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். லேப் பையன் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் என்று நான் சொன்னதுதான் வீட்டில் பெரிய சண்டை. கிளம்புகிற அன்று பெட்டியைத் தூக்கினால் கனத்தது. துணிக்கு அடியில் இரண்டு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய்.

"எனக்குத்தான் ஆகாதுன்னுட்டியே கண்ணு, நீயாவது தின்னு" என்றாள்.