கூரை ஏரியலா, சுவரில் ஒட்டும் கம்பியா?

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் இந்தத் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்குக் குடிவந்தபோது அப்பாவின் ஸ்டீரியோ ரிசீவரும் கூடவே வந்தது. சிடி பிளேயர், கேசட் டெக் எல்லாம் மாட்டப் பத்து நிமிடம் போதும். சிவப்பு வலது, வெள்ளை இடது, அவ்வளவுதான். இசைத்தட்டு சுழலி வைத்திருப்பவர்கள் மட்டும் அதை ‘ஃபோனோ’ துளையில் மாட்டி, எர்த் கம்பியையும் திருகில் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

யோசிக்க வைத்தது மலேசியாவின் தமிழ் வானொலி, மின்னல் எஃப்எம்தான். அப்பாவுக்குக் காலையில் அது இரைச்சல் இல்லாமல் வர வேண்டும்.

முதலில் கூரையில் எஃப்எம் ஏரியல் (அலைவாங்கி) ஏற்றினேன். டிஜிட்டல் டிவிக்கு வைத்த யுஎச்எஃப் ஏரியல் இதற்கு உதவாது. எஃப்எம் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை, அது வேறு அலைவரிசை. சிக்னலைப் பொறுத்தவரை கூரைதான் மேல். அதில் வாதமே இல்லை.

ஆனால் பராமரிப்பு! எட்டாவது மாதம், சிக்னல் நன்றாக இருந்தால் எரியும் ஸ்டீரியோ விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. ஏணி வைத்து ஏறி இணைப்பைக் கழற்றினால், கேபிளின் நடுச்செம்பில் பச்சை பூத்திருந்தது; சுற்றியிருந்த பின்னல் கம்பி கறுத்து, விரலில் பொடியாக ஒட்டியது. மழைநீர் ஒரு முறை உள்ளே புகுந்துவிட்டால் பின்னல் வழியாகவே கீழே ஊர்ந்து வரும். நுனியை வெட்டி மாட்டினால் போதாது, கேபிளையே மாற்ற வேண்டும். மாற்றினேன். அப்புறம் இடி. நம் ஊரில் சாயங்கால மழைக்கு இடி சொல்லவா வேண்டும்? வானம் கறுத்தாலே ஓடிப்போய் ஏரியல் வயரைப் பிடுங்குவது அம்மாவின் வேலையாகிவிட்டது.

இப்போது இருப்பது டி வடிவத் தட்டைக் கம்பி. கைகள் இரண்டும் சேர்ந்து ஒன்றரை மீட்டர். எஃப்எம் அலை நீளத்தில் ஏறக்குறைய பாதி. கம்பியின் மின்மறுப்பு 300 ஓம். ரிசீவரின் பின்னால் 75 ஓம் வட்டத் துளை மட்டும் இருந்தால், நடுவில் சின்ன மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போட வேண்டும். ஒலிபரப்புக் கோபுரம் இருக்கும் திசைக்குக் கம்பியின் கைகள் குறுக்காக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கோபுரம் நிற்கும் ஈப்போவின் கிளேடாங் மலை எங்களுக்குத் தெற்கே இருப்பதால் கைகளைக் கிழக்கு மேற்காக அலமாரிக்கு மேலே ஒட்டினேன். ஒரு முழம் நகர்த்தியதிலேயே இரைச்சல் பாதி குறைந்தது. மழை நாளில் லேசாகச் சரசரக்கும். ஸ்டீரியோவை ஒற்றை ஒலியாக்கும் மோனோ பட்டனைத் தட்டினால் அடங்கிவிடும். ஒட்டிய நாளிலிருந்து அதைத் தொடவே இல்லை.

கரண்டில் ஓடி சிக்னலைப் பெருக்கும், வீட்டுக்குள் வைக்கும் ஏரியலை இரவல் வாங்கி ஒரு வாரம்தான் கேட்டேன். சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து ஏறியதுபோல் இருந்தது. ஒரு வாரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தோட்டத்து லயத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மட்டும் கூரை ஏரியல்தான் சரி. தகரக் கூரை, தெற்கே குன்று. கம்பியை எந்தச் சுவரில் ஒட்டினாலும் ஒன்றும் வரவில்லை. அங்கே கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு தொங்கவிட்டு, தண்ணீர் அதன் அடியிலேயே சொட்டும்படி செய்திருக்கிறோம். இணைப்புக்கு மேல் ரப்பர் டேப் இரண்டு சுற்று. வருகிற தீபாவளிக்குப் போகும்போது பிரித்துப் பார்க்க வேண்டும்.