முதல் சந்திப்புக்குக் காபியா, டின்னரா?

டேட்டிங் ஆப்பில் பேசிப் பழகியவரை முதன்முதலாக நேரில் பார்க்கப் போகிறீர்கள். அவர் டின்னருக்கு அழைக்கிறார். உங்களுக்குக் காபி போதும் என்று தோன்றுகிறது. ஆனால் அப்படிச் சொன்னால் ஆர்வமில்லை என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம். நான் காபி பக்கம். காசும் நேரமும் மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் கணக்கு வேறு: நினைத்த நேரத்தில் எழுந்து வர முடியுமா?

டின்னரில் அது எளிதல்ல. மெனு பார்த்து, ஆர்டர் கொடுத்து, சாப்பாடு வந்து, பில் வரும்வரை ஒன்றரை மணி நேரமாவது ஆகும். இவர் சரிப்பட மாட்டார் என்று பத்தாவது நிமிடமே தெரிந்துவிட்டாலும், தட்டில் பாதி இருக்கும்போது எழ மனம் வராது. பெரிய பில்லை அவரே கட்டிவிட்டால் கடன்பட்டது போன்ற உணர்வு வேறு. "வீட்டில் இறக்கி விடுகிறேன்" என்றாலும், "அடுத்த வாரம் பார்க்கலாமா" என்றாலும் மனமில்லாமல் தலையாட்ட வைப்பது பெரும்பாலும் அந்த உணர்வுதான். இதெல்லாம் முடியும்போது இரவாகியிருக்கும்.

காபிக்கு, கவுண்டரிலேயே காசு கொடுத்து வாங்கும் கடையாகப் பாருங்கள். உங்கள் கோப்பைக்கு நீங்களே கட்டிவிட்டால் பில்லுக்காகக் காத்திருக்கும் வேலையே இல்லை. நேரம் பகலாக இருக்கட்டும். மாலை 4 மணி வசதி. 5 மணிக்கு வேறு வேலை இருப்பதைச் சந்திப்பை முடிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்த பிறகு சொன்னால் சாக்காகத் தெரியும். உண்மையிலேயே ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள், தோழியிடம் போனில் பேசுவதாக இருந்தாலும் சரி. பேச்சு நன்றாகப் போனால் அரை மணி நேரம் நீட்டலாம். இடத்தை மட்டும் மாற்ற வேண்டாம். எங்கே சந்திக்கிறீர்கள் என்று தோழியிடம் முன்பே சொல்லிவையுங்கள். அவரிடம் சொன்னது அந்த ஒரு இடத்தைத்தான்.

நீங்கள் வழக்கமாகப் போகும் கடையும் வேண்டாம். உங்களை எங்கே பிடிக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். போக, வர வண்டி உங்கள் ஏற்பாடாக இருக்கட்டும். கோப்பையை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போனால், திரும்பி வந்து அதையே குடிக்காதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தைத் தோழிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வாட்ஸ்அப் லைவ் லொகேஷனைப் பகிருங்கள். அதில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என மூன்று அளவுகள் உண்டு. 8 மணி நேரத்தை வையுங்கள். 1 மணி நேரம் வைத்தால், சந்திப்பு நீளும்போது, அதாவது தேவைப்படும் நேரத்தில், தானாக நின்றுவிடும். வீடு சேர்ந்ததும் நீங்களே நிறுத்திக்கொள்ளலாம்.

டின்னருக்கும் ஒரு பலம் உண்டு, அதை மறுக்க முடியாது. முக்கால் மணி நேரம் யாரும் நல்லவராக இருந்துவிடலாம். ஆர்டர் தாமதமானால் பரிமாறுபவரிடம் எப்படிப் பேசுகிறார், எவ்வளவு குடிக்கிறார், உங்கள் பேச்சைக் கேட்கிறாரா என்பதெல்லாம் நீண்ட இருப்பில்தான் தெரியும். ஆனால் அது மூன்றாவது சந்திப்பில் தெரிந்தால் போதும். அதற்குள் அவர் சொன்ன பெயரும் வேலையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்திருப்பீர்கள்.

சினிமா சரிப்படாது, இருட்டில் பேச்சே இருக்காது. ஆள் நடமாட்டமுள்ள பூங்காவில் நடப்பது காபிக்கு அடுத்த நல்ல தேர்வு. எதுவானாலும் அதற்கு முன் 10 நிமிட வீடியோ கால் அவசியம். பம்பிள் போன்ற டேட்டிங் ஆப்பில் எண்ணைக் கொடுக்காமலேயே பேசலாம். படத்தில் இருப்பவர்தானா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வெளியூரிலிருந்து பயணம் செய்து வருபவரை ஒரு மணி நேரத்தில் அனுப்புவது சரியா என்பதில் மட்டும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அங்கே மதிய உணவு நடுவழியாக இருக்கலாம்.

டின்னர்தான் வேண்டும் என்பவரிடம், "முதல் தடவை காபி, பிடித்திருந்தால் அடுத்தது டின்னர்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானோர் சரி என்பார்கள். இரண்டு முறை சொன்ன பிறகும் வற்புறுத்துபவரைக் காபிக்கும் சந்திக்க வேண்டாம்.