"துருக்கி ரேட்" என்று சொல்லி கேம் விற்கிறார்கள், கவனம்

காலேஜில் படிக்கிற பையன்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பதிவை அவர்களிடம் காட்டிவிடுங்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் கிடைக்கிற கணினி கேம்களை "அர்ஜென்டினா ரேட்", "துருக்கி ரேட்" என்று சொல்லிப் பாதிக்கும் குறைவாக விற்கிற ஆட்கள் நம்ம திருநெல்வேலிக்கும் வந்துவிட்டார்கள். என் அக்கா மகன் 1,500 ரூபாயை இழந்திருக்கிறான். தொகை பெரிதில்லைதான். ஆனால் அந்தக் கடைக்காரர் சொல்லும் விளக்கத்தைக் கேட்டால் யாரும் நம்பிவிடுவார்கள். ஏனென்றால் அதில் பாதி உண்மை.

கடை வண்ணாரப்பேட்டையில், மாடியில். பழைய லேப்டாப் விற்பார்கள், ரிப்பேர் பார்ப்பார்கள், "கேம் ஏற்றித் தரப்படும்" என்று கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். இவன் ஆசைப்பட்ட கார் பந்தய கேம் ஸ்டீமில் 3,999 ரூபாய். கடையில் 1,500. எப்படி இவ்வளவு குறைவு என்று இவனும் கேட்டிருக்கிறான்.

"தம்பி, அமெரிக்காக்காரன் இதே கேமுக்கு 70 டாலர் குடுக்கான். நமக்கு நாலாயிரம். துருக்கில, அர்ஜென்டினால அதுக்கும் கம்மி. நம்ம ஆளு அங்கன அக்கவுண்ட் வச்சிருக்காரு, அந்த ரேட்டுல எடுத்துத் தாரோம். ஒரிஜினல்தாம்."

லேப்டாப்பை வாங்கி, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, கேமை ஏற்றி, ஒரு துண்டுச் சீட்டில் ஐடியும் பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்தார்கள். கூடவே நிபந்தனைகள்: பாஸ்வேர்டை மாற்றக் கூடாது, ஆஃப்லைனில் போட்டுத்தான் ஆட வேண்டும், கடையில் கேட்காமல் ஆன்லைன் போகக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு எந்தக் கடையில் இப்படி நிபந்தனை போடுகிறார்கள்?

முதல் நாளே அந்த அக்கவுண்டில் இந்த கேமை நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடியதாகக் காட்டியிருக்கிறது. ஒரு சாயங்காலம் கேம் திறக்கவே இல்லை. கேட்டதற்கு "சர்வர் பிஸி, நாளைக்குப் பாருங்க" என்றார்களாம். சர்வரெல்லாம் பிஸி இல்லை. பெரிய கேம்கள் பலவற்றில் டெனுவோ என்ற பூட்டு இருக்கும். ஒரே அக்கவுண்டை ஒரு நாளைக்குள் நிறைய கணினிகளில் திறந்தால், அதற்கு மேல் விடாது. அதாவது ஒரே வீட்டுச் சாவியை ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு அப்டேட் வந்தது. அதற்காக ஆன்லைன் போனான். "மாமா, பாஸ்வேர்டு தப்புன்னு வருது." அவ்வளவுதான், கேமும் போச்சு, ஆடி ஆடிச் சேர்த்த சேவ் ஃபைலும் போச்சு. கடைக்கு வாட்ஸப்பில் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

நேரில் போனோம். நான் கூட வந்ததும் கடைக்காரர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய, நாங்க ஏமாத்துவோமா? அர்ஜென்டினால ரேட்ட டாலருக்கு மாத்திட்டாம்லா, அதுல அந்த அக்கவுண்ட் எல்லாம் அடிபட்டுப் போச்சு. ஒரு ஐநூறு மட்டும் போடுங்க, துருக்கி அக்கவுண்ட் தாரேன். அதுக்கு ஒண்ணும் ஆவாது."

அவருடைய கெட்ட நேரம், இந்த விஷயத்தை நான் ஓரளவு படித்து வைத்திருந்தேன்.

ஸ்டீமில் விலை நாட்டுக்கு நாடு மாறும், அது உண்மை. அந்த நாட்டு மக்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று பார்த்து வைப்பது. ஸ்டீமை நடத்தும் வால்வ் ஒரு பரிந்துரைப் பட்டியல் தரும். கடைசி விலையை முடிவு செய்வது கேமை வெளியிடுகிற கம்பெனி. 2015 இறுதியில் நமக்கும் ரூபாய் விலை வந்தது. நாம் பார்க்கிற அந்த 3,999-ம் இப்படிக் குறைத்து வைத்த விலைதான். இதை நம் பையன்கள் பலர் யோசிப்பதே இல்லை.

துருக்கி லிராவும் அர்ஜென்டினா பெசோவும் மதிப்பு சரிந்துகொண்டே போனபோது, அங்கே ரூபாய் விலையைவிடப் பல மடங்கு குறைவாக கேம் கிடைத்த காலம் இருந்தது. மற்ற நாட்டுக்காரர்கள் விபிஎன் (வேறு நாட்டில் இருந்து இணையத்துக்கு வருகிற மாதிரி காட்டுகிற மென்பொருள்) போட்டு, அந்த ஊர்க்காரர்கள் மாதிரி நடித்து வாங்கிக் குவித்தார்கள். அதைத் தடுக்க வால்வ் 2021-ல் ஒரு கட்டுப்பாடு போட்டது: அக்கவுண்டின் நாட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம், அதற்கும் அந்த நாட்டில் செல்லுகிற கார்டோ வேறு பணம் கட்டும் வழியோ வேண்டும். நாணய மதிப்பு நிலையாக இல்லாததால் கடைசியில் அந்த நாணயங்களையே நிறுத்திவிட்டார்கள். 2023 நவம்பர் 20 முதல் அர்ஜென்டினாவில் டாலர் விலை. துருக்கியிலும் அதே நாளில் இருந்து டாலர் விலைதான்! இப்போது சில கேம்களுக்கு நம் ரூபாய் விலையே அவர்களுடையதைவிடக் குறைவு.

இதை அவரிடம் சொன்னேன். "ரெண்டு நாட்டுலயும் ஒரே நாள்லதான் மாத்துனாங்க. நீங்க வித்தது இந்த வருசம். 2023-ல மாறின விலையால இப்ப எப்படி அக்கவுண்ட் அடிபடும்?" இன்னொன்றும் கேட்டேன். விலை மாறினால் இனிமேல் வாங்குகிறவனுக்குத்தானே மாறும், ஏற்கெனவே வாங்கிய கேம் எப்படிக் காணாமல் போகும்?

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் குரல் மாறியது. "நாங்க எங்க அண்ணாச்சி கேம வித்தோம்? ஆக்டிவேஷன்தான பண்ணித் தந்தோம். பில்லப் பாருங்க."

பில்லைப் பார்த்தால் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. "சாஃப்ட்வேர் சர்வீஸ் - 1,500". கேம் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. ஜிபேயில் பணம் போனதும் கடைப் பெயருக்கு இல்லை, ஒரு தனி ஆளின் பெயருக்கு. சாமர்த்தியசாலிதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஸ்டீமில் போய் முறையிடவும் வழி இல்லை. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் அங்கே பணத்தைத் திருப்பித் தருவார்கள், நல்ல விதிதான். ஆனால் வாங்கிய அக்கவுண்டில் இருந்து கேட்க வேண்டும். அக்கவுண்டை விற்பதோ இன்னொருவருக்குக் கொடுப்பதோ அவர்கள் ஒப்பந்தப்படியே கூடாது. அதனால் இந்தப் பையன்கள் அங்கே வாடிக்கையாளரே கிடையாது.

இதே சரக்கு வேறு வேஷத்திலும் வரும். "வெளிநாட்டில் இருந்து கிஃப்ட் அனுப்புகிறோம்" என்பார்கள். இரண்டு நாட்டு விலைக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த கிஃப்டை ஸ்டீமே ஏற்காது. "கீ தருகிறோம்" என்பார்கள். அந்தக் கீ, அதாவது கேமைத் திறக்கிற குறியீடு, வேறு பகுதிக்கு என்று பூட்டியதாக இருந்தால் இங்கே திறக்காது. திருட்டுக் கார்டில் வாங்கிய கீ என்றால் முதலில் வேலை செய்யும், கார்டுக்காரர் புகார் கொடுத்ததும் கம்பெனி அதை ரத்து செய்யும், கேம் உங்கள் அக்கவுண்டில் இருந்து மறைந்துவிடும். "விபிஎன் போட்டு நீங்களே நாட்டை மாத்திக்கிடுங்க, சொல்லித் தாரோம்" என்று அதற்கும் காசு வாங்குகிற ஆள் உண்டு. அதில் மாட்டினால் உங்கள் சொந்த அக்கவுண்டுக்கே ஆபத்து.

எனக்கு அதிகமாகப் பயம் தந்தது அந்த ஆன்டிவைரஸ் விஷயம்தான். அதை அணைத்துவிட்டு என்ன ஏற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதே லேப்டாப்பில்தான் அக்கா பேங்க் கணக்கைத் திறந்து பார்க்கிறாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, காலேஜ் ஃபைல்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு முழுசாக ஃபார்மேட் போட்டோம். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறு போனில் இருந்து மாற்றினோம். உங்கள் வீட்டில் இப்படி "ஏற்றிய" லேப்டாப் இருந்தால் கேம் போனதா இல்லையா என்பதை விடுங்கள், இதை இன்றைக்கே செய்யுங்கள்.

பணத்துக்கு: துண்டுச் சீட்டு, பில், ஜிபே ரசீது, வாட்ஸப் பேச்சு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசினோம், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்தோம். நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தைக் கடைக்காரருக்கு வாட்ஸப்பில் எழுதினேன். இத்தனை நாள் பதில் வராத நம்பரில் இருந்து அன்றைக்கே 700 ரூபாய் வந்து விழுந்தது, "கைமாத்து திருப்பம்" என்று குறிப்போடு. யார் யாருக்குக் கைமாத்து கொடுத்தார்களோ! அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் புகாரில் சேர்த்திருக்கிறேன். மீதி 800-க்குப் புகார் அப்படியே நிற்கிறது.

பையனுக்கு அவன் பெயரிலேயே ஸ்டீம் அக்கவுண்ட் திறந்து, அந்த கேமை விஷ்லிஸ்டில் போடச் சொல்லியிருக்கிறேன். தள்ளுபடி வந்தால் மெயில் வரும், யுபிஐயிலேயே கட்டலாம். கடைப் பெயரைக் கேட்டு இன்பாக்ஸில் வராதீர்கள், புகார் முடிகிற வரை சொல்வதாக இல்லை. இதே மாதிரி "சாஃப்ட்வேர் சர்வீஸ்" என்று பில் வைத்திருக்கிறவர்கள் மட்டும் வாருங்கள், சேர்ந்து எழுதிப் போடலாம்.