மஞ்சள் விளக்கு அணைந்தால் கோளாறு தீர்ந்தது என்று அர்த்தமில்லை: கிருஷ்ணகிரி பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கார் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா? அதை அணைக்க எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் இரண்டு நிமிடம் போதும். ஸ்கேனரைச் சொருகி, பதிவாகியிருக்கும் கோளாறு எண்ணை அழித்தால் விளக்கு அணைந்துவிடும். கோளாறு அப்படியே இருக்கும். வண்டியின் கம்ப்யூட்டர் மறுபடி சோதித்துப் பார்த்து விளக்கைப் போடக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். பல கோளாறுகளுக்கு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். அதற்குள் நாம் பணத்தைக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்திருப்போம்.

கிருஷ்ணகிரியில் ஒரு ஒர்க்‌ஷாப்காரர் இந்த இடைவெளியை வைத்தே என்னிடம் ரூ.12,300 வாங்கிவிட்டார். உண்மையான கோளாறு ரூ.350-ல் தீர்ந்தது. பணம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, புகாரும் நடக்கிறது என்பதால் பெயர் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோசனமில்லை. இந்த வித்தையை எந்த ஊரிலும் எவரும் செய்யலாம்.

எங்களுக்குக் காவேரிப்பட்டினம். வீட்டிலேயே நிப்பட்டு, முறுக்கு போட்டுக் கிருஷ்ணகிரி, பர்கூர், காரிமங்கலம் பேக்கரிகளுக்குக் கொடுக்கிறோம். வண்டி 2018 மாடல் பெட்ரோல் கார், பி.எஸ்.4 (புகை அளவுக்கான அரசு விதியின் நான்காம் நிலை), செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின் சீட்டை மடக்கி டப்பாக்களையும் பொட்டுக்கடலை மூட்டையையும் ஏற்றுகிற வண்டி. ஒரு நாள் அது நின்றால் அன்றைய சரக்கு வீட்டிலேயே கிடக்கும். பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் பார்த்து இந்த விளக்கு எரிந்தது. வண்டி ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. இழுவை, மைலேஜ் எல்லாம் எப்போதும் போலத்தான்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு பையன் ஸ்கேனரை மாட்டினான். முதலாளி திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "கன்வர்ட்டர் போற நிலைமைலங்ண்ணா இருக்குது. புதுசு போட்டா முப்பத்தஞ்சாயிரம் ஆவும்" என்றார். கன்வர்ட்டர் என்பது சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம். என்ன எண் வந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனி கோடுண்ணா, சொன்னாப் புரியாது." முப்பத்தைந்தாயிரம் என்றதும் என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார் போல. உடனே குரலை இறக்கி, இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுவது) கிளீனிங், சென்சார் கிளீனிங், ஈ.சி.எம். (வண்டியின் கம்ப்யூட்டர்) ரீசெட் மூன்றையும் செய்தால் கன்வர்ட்டரைக் காப்பாற்றிவிடலாம் என்றார். ரூ.6,800. முதலில் பெரிய தொகையைச் சொல்லி வயிற்றில் புளியைக் கரைப்பது, அப்புறம் அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சொல்லி உதவி செய்வதுபோல் காட்டுவது. சாயங்காலம் விளக்கு அணைந்த வண்டி கைக்கு வந்தது. ரசீது என்று கொடுத்தது ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. அதில் "சென்சார் வேலை 6800". அவ்வளவுதான். கடைப் பெயர், தேதி, ஜி.எஸ்.டி. எண் எதுவும் இல்லை.

அந்த வாரமே விளக்கு திரும்ப எரிந்தது. போனேன். "அப்போ ஆக்சிஜன் சென்சாரேதான் போயிருக்குது, மாத்திரலாம்" என்று ரூ.5,500 வாங்கினார். பழைய சென்சாரைக் கேட்டதற்கு, "ஸ்கிராப்ல போட்டாச்சுங்ண்ணா" என்று பதில். மறுபடி அணைந்தது, மறுபடி எரிந்தது.

அடுத்த முறை அவர் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம். கன்வர்ட்டரைக் கழற்றி, உள்ளே தேன்கூடு மாதிரி இருப்பதை இடித்து எடுத்துவிட்டு, வெறும் கூட்டை மாட்டிவிடலாமாம். சென்சாரை ஏமாற்ற இடையில் ஒன்றைச் சொருகிவிடுவாராம். "ஃப்ரீயாவே பண்ணித் தரேன்." இவ்வளவு தாராளம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தேன்கூட்டின் மேல் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு போன்ற விஷ வாயுக்களை மாற்றுவது அவைதான். பழைய கன்வர்ட்டரை எடை போட்டு வாங்கத் தனி ஆட்களே இருக்கிறார்கள். ஆக, நம்மிடம் கூலி வாங்காவிட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை. நஷ்டமெல்லாம் நமக்குத்தான். கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. அடுத்த புகைப் பரிசோதனையிலும் வண்டி மாட்டும். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உண்மையைக் காட்டிக் கொடுத்தது அந்தப் புகைப் பரிசோதனைதான். பி.எஸ்.4 வண்டிக்கு பி.யு.சி. என்னும் புகைச் சான்றிதழ் ஒரு வருடம் செல்லும், எனக்கு அந்த மாதம் முடிகிறது. மாசு விதியை மீறினால் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)-ஆம் பிரிவில் ரூ.10,000 வரை அபராதம் என்பதால் தர்மபுரி போகும் வழியில் ஒரு பங்க்கில் நிறுத்தினேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே சோதனை. சைலன்சரில் குழாயை விட்டு அளந்தார்கள், பாஸ். பி.எஸ்.4 பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம் வரை, ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். வரை இருக்கலாம். என் சான்றிதழில் இரண்டும் அந்த வரம்பில் கால்வாசிகூட இல்லை. சோதித்த தம்பியிடம் கன்வர்ட்டர் கதையைச் சொன்னேன். "கன்வர்ட்டர் போயிருந்தா இந்த அளவு வராதுங்ண்ணா, யாரோ கதை வுட்டிருக்காங்க" என்றார். நூற்றுச் சொச்சம் ரூபாய்ச் சோதனை, முப்பத்தைந்தாயிரத்தின் பொய்யை உடைத்துவிட்டது. இதை மட்டும் வைத்துக் கன்வர்ட்டர் நூறு சதவீதம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் யாராவது "கன்வர்ட்டர் போச்சு" என்றால் அதை நம்புமுன் ஒரு பி.யு.சி. எடுத்துப் பாருங்கள், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மச்சான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். அவரிடம் தீப்பெட்டி அளவில் ஒரு ப்ளூடூத் கருவி இருந்தது. ஈ.எல்.எம். 327 என்று கேட்டால் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு ஓட்டை உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் அதைச் சொருகி, சாவியைத் திருப்பி, போனில் ஒரு இலவச ஆப்பில் பார்த்தார். பி0141. ஒர்க்‌ஷாப்காரர் சொன்னால் புரியாது என்று மறைத்த ரகசியம் இதுதான். பின்பக்க ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார் இருக்கும், பின்னால் ஒன்று இருக்கும். முன்னது எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று முடிவு செய்ய உதவும், பின்னது கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும். சென்சார் நன்றாகச் சூடானால்தான் அளவு காட்டும், அதற்குத்தான் உள்ளே ஒரு ஹீட்டர். அதற்குக் கரண்ட் போகாவிட்டால் இந்த எண் வரும். ஃபியூஸ் போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், ஹீட்டரே போயிருக்கலாம். இன்ஜெக்டர் கிளீனிங்குக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

மறுநாள் எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். அவர் ஸ்கேனரைத் தேடவே இல்லை. ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. சென்சார் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தார். ஹீட்டர் நல்லது, ஆனால் ஒயரில் பன்னிரண்டு வோல்ட் வரவில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒயரைப் பின்தொடர்ந்தவர் இன்ஜினுக்குப் பின்பக்கம், கீழே இறங்கும் இடத்தில் நிறுத்தினார். இன்சுலேஷன் பொடிப்பொடியாக உதிர்ந்து, செம்புக் கம்பி இரண்டு துண்டாகத் தொங்கியது. பக்கத்திலேயே நிலக்கடலைத் தோல். "எலிங்க. தீனி வண்டின்னு அதுக்கும் தெரியுது பாருங்க" என்று சிரித்தார். ஈயம் வைத்து இணைத்து, ஸ்லீவ் போட்டு, சைலன்சர் சூடு படாதபடி தள்ளிக் கட்டிவிட்டு முந்நூற்றைம்பது வாங்கினார்.

விளக்கை அழிக்க வேண்டாம் என்றார் மச்சான். கோளாறு நிஜமாகவே போயிருந்தால், மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து சோதனையில் தேறியதும் கம்ப்யூட்டரே அணைத்துவிடும். அப்படித்தான் ஆனது, தானாகவே அணைந்தது. அதற்குப் பிறகு எரியவில்லை.

அந்த எலக்ட்ரீஷியன் இன்னொன்றையும் காட்டினார். முன்பக்கச் சென்சாரின் ஆறு பட்டை நட்டின் மேல் பழைய துரு, இடுக்கில் காய்ந்த செம்மண், அதன் மேல் சிலந்தி வலை. "இதுல ஸ்பேனரே படலைங்க. பட்டிருந்தா பட்டை மேல பளபளன்னு கோடு தெரியும்." பின்பக்கத்தது? அதுவும் அதே துரு. அதாவது ரூ.5,500 வாங்கியவர் எந்தச் சென்சாரையும் மாற்றவே இல்லை. போனில் கிட்ட வைத்துப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டேன். எதை மாற்றினோம் என்று சொன்னாலும் முதலில் நட்டைப் பாருங்கள். நட்டு பொய் சொல்லாது.

படங்களோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலில், "மெஷின் காட்டுறதத்தான சொல்றோம்" என்றார். படத்தைக் காட்டியதும், "பையன் மாத்தலையா? விசாரிக்கிறேங்ண்ணா" என்று பழியைப் பையன் தலையில் கட்டினார். அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசாமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு தொகையும் ஜிபேயில் கொடுத்தது பெரிய உதவியாக இருந்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதிவு செய்யலாம். வேலை செய்துவிட்டுப் பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அதில் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சேவைக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் இதையெல்லாம் அவர் எதிரிலேயே நிதானமாகச் சொன்னேன். சத்தம் போட்டால் நான்கு பேர் கூடி சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள், ஆணையம் என்ற வார்த்தைக்குத்தான் அங்கே மரியாதை. அன்று மாலையே சென்சார் பணம் ரூ.5,500 திரும்ப வந்தது.

இந்த விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது: ஸ்பேனர் எடுப்பதற்கு முன் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள். எண் கோளாறு இருக்கும் பக்கத்தைக் காட்டுமே தவிர, எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்தால்கூட உடனே கன்வர்ட்டர்தான் போச்சு என்று அர்த்தமில்லை, சைலன்சரில் ஓட்டை இருந்தாலும் சென்சார் பழுதானாலும் அது வரும். பி0300-லிருந்து வரும் எண்கள் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது; முதலில் பார்க்க வேண்டியது ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும். மாற்றிய சாமானின் பழையது கைக்கு வர வேண்டும் என்று வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பணத்தை உடனே முழுசாகக் கொடுக்காமல், நாலு நாள் ஓட்டிப் பார்த்து மீதியைத் தருகிறேன் என்று கேளுங்கள். நாணயமாக வேலை செய்தவர் இதற்கு ஒத்துக்கொள்வார்.

விளக்கு நிலையாக எரிந்து, வண்டி நன்றாக ஓடினால் பதறாமல் நாலு இடம் விசாரிக்க நேரம் இருக்கிறது. ஆனால் விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு, அது கடுமையான மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது, தேன்கூடு உருகிவிடும். அப்போதுதான் அந்த முப்பத்தைந்தாயிரம் நிஜமாகும். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் மின்னுகிறது என்றால் மிதித்து ஏற்றப் பார்க்காதீர்கள், ஓரம் கட்டுங்கள். சிவப்பில் ஆயில் விளக்கோ சூட்டு விளக்கோ வந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

மீதி ரூ.6,800-க்கு, "கிளீனிங் பண்ணோம், அது பண்ணதுதான்" என்கிறார். இன்ஜெக்டரைக் கழற்றினால் மாற்ற வேண்டிய ரப்பர் ஓ-ரிங் எந்த விலைக்கு எங்கே வாங்கினார் என்று கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. 1915-ல் கொடுத்த புகார் எண் கையில் இருக்கிறது. அவர்கள் பேசி வராவிட்டால் கிருஷ்ணகிரி ஆணையத்தில் மனு போடுவேன். இதே மாதிரி "ரீசெட்"டுக்குப் பணம் கொடுத்துச் சீட்டோ ஜிபே பதிவோ வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.