கார் பிரேக்: எதை மாற்றினால் பலன், எதை மாற்றினால் வெறும் செலவு?

சாதாரண ஹேட்ச்பேக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு, அதை இருபுறமும் பேட் இறுக்கிப் பிடிக்கும்), பின்னால் டிரம் (சுற்றும் கிண்ணம், அதன் உள்பக்கத்தை ஷூ அழுத்திப் பிடிக்கும்), சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உண்டு. நம் ரோடுகளில் இந்த ரகம் ஏராளம். இதற்கு வெளி மார்க்கெட்டில் பிரேக் சாமான் வாங்கிப் போட்டால் வண்டி நன்றாக நிற்குமா என்று கேட்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, இப்போது என்ன குறை என்பதைத்தான். "பிரேக் பத்தல" என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். ஆனால் அதற்குள் மூன்று புகார்கள் இருக்கின்றன. சடன் பிரேக் அடித்தால் வண்டி நிற்க நிறைய தூரம் எடுப்பது, பெடல் கொழகொழவென்று உள்ளே போவது, மலை இறங்கும்போது பாதி வழியில் பிடிப்பு குறைவது. ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்குக் கேட்காது.

முதல் புகாருக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஆள் அரவமில்லாத நேர் ரோட்டில், பின்னால் வண்டி எதுவும் வராதபோது, 50 கி.மீ. வேகத்தில் பெடலை முழுசாக மிதியுங்கள். ஏபிஎஸ் வேலை செய்து பெடல் கடகடவென்று காலை உதறினால் பிரேக்கில் பலக் குறைவு இல்லை. சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு அது பிடிக்கிறது, ரோட்டில் பிடிமானம் கிடைக்காமல் தடுமாறுவது டயர்தான். அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு தடவை நிற்கும் தூரம் குறையப் போவதில்லை. ரப்பர் இறுகிப்போன பழைய டயரை வைத்துக்கொண்டு சிவப்புக் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காசில் நான்கு நல்ல டயர் வாங்கிவிடலாம்.

பெடல் கொழகொழப்புக்கு வருவோம். இங்கே போட்டி, பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் குழாயில்: எவர்சில்வர் கம்பி பின்னிய ஹோஸுக்கும் கம்பெனி ரப்பர் ஹோஸுக்கும். அழுத்தத்தில் ரப்பர் லேசாக உப்பும், பின்னல் ஹோஸ் அவ்வளவு உப்பாது. அதனால் பெடல் கெட்டியாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் பத்து வருட ஹோஸைக் கழற்றிவிட்டுப் பின்னல் ஹோஸ் போட்டு "அடேயப்பா" என்பவர்களுக்குக் கிடைத்த பலனில் பெரும்பங்கு, ஹோஸ் புதிது என்பதாலும் மாற்றும் சாக்கில் லைனில் இருந்த ஏர் எடுக்கப்பட்டதாலும் வந்தது. புது ரப்பர் ஹோஸ் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே கதைதான். இன்னொன்று, பின் டிரம்மில் ஷூ தேய்ந்து, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரும் துருப்பிடித்து நின்றுவிட்டால் பெடல் நீளமாக உள்ளே போகும். டிரம்மைக் கழற்றி, தூசி துடைத்து, அட்ஜஸ்ட் செய்தால் சரியாகிவிடும். லேபர் மட்டும்தான் செலவு.

விஷயம் கனமாவது மூன்றாவது புகாரில்தான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினால் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் கீழே வருகிறோம். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் இந்த இறக்கத்தில் இழக்க வேண்டிய ஆற்றல், 80 கி.மீ. வேகத்திலிருந்து முழுசாக நிறுத்துவதைச் சுமார் 75 தடவை செய்வதற்குச் சமம். இதில் ஒரு பங்கு காற்றிலும் டயரிலும் போகும். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் இன்னொரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் டிஸ்க்கிலும் டிரம்மிலும் சூடாகத்தான் இறங்கும். நியூட்ரலில் இறங்குகிறவர் இன்ஜினின் பங்கையும் பிரேக் தலையில் கட்டிவிடுகிறார். ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் வழியில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி இறக்கம் பிரேக் விபத்துகளுக்குப் பேர்போனதும், அங்கே வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததும் இதனால்தான்.

இந்தச் சூட்டில் இரண்டு விதமாகக் கோளாறு வரும். பேட் அளவு மீறிச் சூடாகி வழுக்கினால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. கருகிய நாற்றம் வரும். பிரேக் ஆயில் கொதித்தால் லைனுக்குள் ஆவி சேர்ந்து பெடல் தரைவரை போய்விடும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அது முன்னறிவிப்பு அதிகம் தராது.

ஆகவே, பட்டியலில் யாரும் கவனிக்காத பிரேக் ஆயிலை நான் முதலில் வைப்பேன். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் 3.7 சதவீதம் சேர்ந்த நிலையில் தரக்கட்டுப்பாடு கேட்பது முறையே 140, 155, 180 டிகிரிதான். புது டாட் 3, தண்ணீர் கோத்த டாட் 5.1-ஐவிட மேல். ஆயில் இருக்கும் ரிசர்வாயர் டப்பாவைத் திறந்து பாருங்கள்: ஆயில் டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தால் அதை மாற்றிப் பல நாளாகிவிட்டது. அரை லிட்டர் ஆயில் சில நூறு ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று டாட் 5-ஐ மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது சிலிக்கான் ஆயில், மற்றவற்றோடு சேராது.

அடுத்து பேட். இங்கே வெளி மார்க்கெட் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். சென்னை பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, ரானே போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்கும் கொடுக்கிறார்கள், தங்கள் பிராண்டிலேயே கடைகளிலும் விற்கிறார்கள். அப்படி வாங்குவதில் தரம் குறையாது. ஊர் பேர் தெரியாத டப்பாவில் வருவதைத்தான் தள்ள வேண்டும்.

ஆர்கானிக் பேட் சத்தமில்லாதது, டிஸ்க்கைத் தின்னாது, ஆனால் சூட்டில் சீக்கிரம் தளரும். செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும், பதிலுக்குக் கீச்சிடும், வீலெல்லாம் கருப்புத் தூசி. டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவர் செராமிக் பேட் போட்டால் வீல் சுத்தமாக இருக்கும். மாதாமாதம் வால்பாறையோ கொல்லிமலையோ போகிறவருக்கு நல்ல செமி மெட்டாலிக் பேட் உண்மையிலேயே கொடுத்த காசுக்கு வேலை செய்யும். ரேஸ் பேட் மட்டும் வேண்டவே வேண்டாம். அது சூடேறிய பிறகுதான் பிடிக்கும், காலையில் தெருமுனையில் குறுக்கே வரும் சைக்கிளுக்குப் பிடிக்காது.

துளை போட்ட டிஸ்க் அழகு, அவ்வளவுதான். பழைய காலப் பேட்களிலிருந்து வாயு நிறைய வந்தது, அது வெளியேற வழி தேவைப்பட்டது. இன்றைய பேட்டுக்கு அந்த அவசியம் பெரிதாக இல்லை. கடும் சூட்டில் துளையின் ஓரத்தில் விரிசல்கூட விடும். அப்படியே வேண்டுமென்றால் கோடு கீறிய டிஸ்க் தேவலை. மலையில் ஓரங்கட்டி, புகையும் வீலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் பாருங்கள், எந்த டிஸ்க்காக இருந்தாலும் அதைச் செய்யக் கூடாது. கோணிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யலாம்.

பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றுவது பலருக்கு ஆசை. பிரேக் அடிக்கும்போது எடை முன்னுக்குச் சாய்வதால் எழுபது சதவீத வேலையாவது முன் சக்கரம்தான் செய்கிறது. பின்னால் டிஸ்க் வந்து கிடைப்பது கொஞ்சம், தலைவலி நிறைய: ஹேண்ட் பிரேக் வேலை செய்யும் காலிப்பர் தேட வேண்டும், முன்பின் விகிதம் குலைந்து பின் சக்கரம் முந்திப் பூட்டினால் வண்டி சுற்றிவிடும். ஃபோக்ஸ்வேகன் தன் ஐடி.4 மின்சாரக் காரிலேயே பின்னால் டிரம்தான் வைத்தது. டிரம் என்றால் ஏழை வண்டி என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

நான்கு பிஸ்டன், ஆறு பிஸ்டன் காலிப்பரோடு வரும் பெரிய கிட்? அது பணத்துக்கு வேட்டு வைக்கும். லாபம் ஒன்று உண்டு, பெரிய டிஸ்க் அதிகச் சூட்டை வாங்கி சீக்கிரம் ஆறும். ஆனால் பிஸ்டன் பெரிதானால் அதிக ஆயில் தேவை. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டர் அதைத் தள்ளத் தள்ள பெடல் இன்னும் ஆழமாகப் போகும். 14 இன்ச் வீலுக்குள் டிஸ்க் அடங்காது, வீலும் டயரும் தனிச் செலவு. ஏபிஎஸ் கணக்கும் பழைய பிரேக்குக்குப் போட்டதுதான். கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் தடை இருக்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிசெய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். தேய்ந்த பேட்டுக்கு அதே அளவில் நல்ல பேட் போடுவதில் இந்தச் சிக்கல் வராது.

கிட் தேவைப்படுகிற ஆட்கள் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ சுற்றுக்குச் சுற்று முழு வேகத்திலிருந்து பிரேக் அடிப்பவர்கள். அவர்களிலும் விவரம் தெரிந்தவர்கள் முதலில் புது ஆயிலும் டிராக் பேட்டும் போட்டுத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். அதுவும் தாங்காதபோதுதான் காலிப்பர் பேச்சு. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஜாக்கி போட்டு, பழைய பேட்டையே திரும்ப மாட்டிக்கொள்வார்கள்.