இலவச வேனில் கல்லூரி பார்க்கப் போனோம்: என் மகளுக்கு நடந்தது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரே நாளில் பதினோரு கல்லூரிகள். மகளின் பெயர், பள்ளி, குரூப் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த எண்களை யார் கொடுக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவளுக்குக் கட் ஆஃப் 200க்கு 168.5. அரசு நடத்தும் இன்ஜினியரிங் கலந்தாய்வில் சுமாரான கல்லூரி நிச்சயம் கிடைக்கும் மதிப்பெண்தான். ஆனால் எங்கள் வீட்டில் இன்ஜினியரிங் போகும் முதல் பிள்ளை அவள், எங்களுக்குப் பயம். அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் டியூஷன் சார் வீட்டுக்கே வந்தார். "அண்ணே, ஞாயித்துக்கிழமை வேன் வருது. சும்மா போய்ப் பார்த்துட்டு வாங்க. சாப்பாடு எல்லாம் அவங்க செலவு. பிடிக்கலைன்னா விட்டுருங்க. சர்டிபிகேட் மட்டும் ஒரிஜினலா எடுத்துக்குங்க, ஸ்காலர்ஷிப்புக்குப் பார்ப்பாங்க" என்றார். சும்மா பார்க்கப் போகிறவனுக்கு ஒரிஜினல் எதற்கு என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

விடிகாலை நான்கு மணிக்கு வேன். போய் இறங்கியதும் சந்தனம், ரோஜா, ஏசி ஹாலில் வீடியோ. வேலை கிடைத்த மாணவர்களின் படங்கள் சுவர் முழுக்க. மூன்று குடும்பத்துக்கு ஒருவர் என்று கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டினார்கள். கம்ப்யூட்டர் லேபில் வரிசையாக அறுபது மானிட்டர்கள். மகள் ஒன்றை ஆன் செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். "யுபிஎஸ் சர்வீஸ் நடக்குதும்மா" என்றார் கூட வந்தவர். விடுதியில் தரைத்தளத்தில் ஒரே ஓர் அறை, புது மெத்தை விரிப்போடு. மாடிக்குப் போக வழியில்லை, பெயின்ட் அடிக்கிறார்களாம். அப்புறம் வெஜ் பிரியாணி, ஐஸ்கிரீம்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு மேஜை முன்னால் உட்கார வைத்தார்கள். இன்று மட்டும் 30,000 ரூபாய் கட்டினால் ஏஐ பிரிவில் சீட் பிளாக், வருடம் 20,000 ஸ்காலர்ஷிப். நாளை வந்தால் கிடையாது. பக்கத்து மேஜையில் ஒருவர் பணம் எண்ணிக்கொண்டிருந்தார். நானும் கட்டினேன். டிசி (பள்ளி மாற்றுச் சான்றிதழ்), பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் "சரிபார்க்க" வாங்கி வைத்துக்கொண்டார்கள். கலந்தாய்வுக்கான யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்டார்கள், எந்தக் கல்லூரி வேண்டும் என்கிற சாய்ஸ் பட்டியலை அவர்களே நிரப்பித் தருவார்களாம். அதையும் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது மகள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, அந்த லேப்ல பாதி சிஸ்டத்துக்குப் பின்னாடி வயரே இல்லப்பா." நான் காதில் வாங்கவில்லை. அது இன்றும் மனதில் குத்துகிறது.

ஜூலையில், கலந்தாய்வு நெருங்கும்போது, அவள் பிடிவாதமாகக் கேட்டதால் இரண்டு பேரும் சொல்லாமல் ஒரு புதன்கிழமை பஸ் ஏறிப் போனோம். வாட்ச்மேன் விடவில்லை; ரசீதைக் காட்டிய பிறகுதான் உள்ளே விட்டார். லேப் பூட்டியிருந்தது. துறை வராந்தாவில் ஆறு பேராசிரியர்களின் பெயர்ப்பலகை. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் கேட்டால், "மத்தவங்களை நாங்க பார்த்ததே இல்ல அங்கிள்" என்கிறாள். ஆண்டுக்கு 60 பேர் என்றால் நான்கு ஆண்டுக்கு 240 பிள்ளைகள். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது, இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் கணக்கு. பன்னிரண்டு பேர் இருக்க வேண்டிய இடம் அது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது ஞாபகம் இருக்கிறதா? அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், பலர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாகக் கணக்கில் இருந்தார்கள். செய்தியாகப் படித்தபோது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வராந்தாவில் நின்றபோதுதான் வயிறு கலங்கியது.

அன்றே சான்றிதழையும் பணத்தையும் திருப்பிக் கேட்டேன். "சேர்மன் வரணும் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறையும் அதே பதில். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏஐசிடிஇயும் யுஜிசியும் (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லியிருக்கின்றன. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. இதை எல்லாம் எழுதி, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் நகல் அனுப்பி, அந்த நகலோடு மூன்றாம் முறை போனேன். டிசி கைக்கு வந்தது. அடுத்த இரண்டாம் நாள் கலந்தாய்வில் அவளுடைய சுற்றுக்குச் சாய்ஸ் நிரப்ப வேண்டும். டிசி இல்லாமல் எந்தக் கல்லூரியிலும் போய்ச் சேர முடியாது. பாஸ்வேர்டை அதற்கு முன்பே மாற்றிவிட்டோம், இல்லையென்றால் சாய்ஸ் பட்டியலில் அந்த ஒரே கல்லூரிதான் இருந்திருக்கும்.

பணம் வரவில்லை. ரசீதை நான் சரியாகப் படிக்கவே இல்லை. அதில் கல்லூரியின் பெயர் கிடையாது, ஓர் அறக்கட்டளையின் பெயர். "நன்கொடை" என்று போட்டிருக்கிறது. "இது ஃபீஸே இல்லையே சார், எப்படித் திருப்பித் தர முடியும்?" என்கிறார்கள். பணம் கட்டும்போது ரசீதில் கல்லூரியின் பெயரும் எதற்கான கட்டணம் என்பதும் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

அதற்குப் பிறகு மூன்று கல்லூரிகளை நாங்களாகவே போய்ப் பார்த்தோம், வகுப்பு நடக்கிற நாளில், யாரிடமும் சொல்லாமல். உள்ளே பார்த்ததை விட வாசல் டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் பிள்ளைகளோடு பேசியதில்தான் நிறையத் தெரிந்தது. லேப் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பாதி செமஸ்டரில் எத்தனை ஆசிரியர் மாறினார்கள், விடுதியில் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். அப்புறம், வாசலில் என்பிஏ (படிப்பின் தரத்துக்கான அங்கீகாரம்) என்று பெரிதாக எழுதியிருந்தால் எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள். நாக் என்கிற இன்னொரு தர மதிப்பீடு கல்லூரி முழுமைக்கும். என்பிஏ ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் காட்டி ஏஐ சீட் விற்கிறார்கள். கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு சாய்ஸ் போடுங்கள்.

மகள் இப்போது அந்த மூன்றில் ஒன்றில் படிக்கிறாள். கட்டடம் பழசு, கேன்டீன் சுமார். லேபில் சிஸ்டம் ஓடுகிறது. 30,000 ரூபாய்க்கான புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. போன ஞாயிறு எங்கள் தெருமுனையில் அதே வேன் வந்து நின்றது. ஓடிப்போய் அதில் ஏறப்போன இரண்டு குடும்பத்திடம் இதை எல்லாம் சொன்னேன். ஒரு குடும்பம் ஏறவில்லை. இன்னொன்று ஏறியது, ஆனால் சான்றிதழ் ஃபைலை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.