ஓரிகாமி: பல ஆண்டுகள் மடித்த பிறகு

பல ஆண்டுகளாக ஓரிகாமி எனும் ஜப்பானியக் காகித மடிப்புக் கலையில் உருவங்கள் மடித்து வருகிறேன். வேலை முடிந்து வந்த மாலைகளில் எனக்கு உண்மையான ஓய்வைத் தருபவை சோனோபே அலகுகள்தான். மிட்சுனோபு சோனோபே என்ற ஜப்பானியரின் பெயரால் வழங்கும் இந்த அலகை ஒரு சதுரத் தாளில் சுமார் பத்து மடிப்புகளில் முடித்துவிடலாம். ஆறு அலகுகளைக் கோத்தால் கனசதுரம். பன்னிரண்டில் முனை முனையாக நீட்டிய நட்சத்திரம், முப்பதில் பந்து. பசையே வேண்டாம், ஒன்றின் முனை இன்னொன்றின் பைக்குள் செருகிக்கொள்ளும். சில அலகுகள் முடிந்ததும் படத்தைப் பார்க்கத் தேவையிருக்காது. பூத்தொடுப்பவரின் விரல்களைப் போலக் கை தானாக ஓடும், மனம் இளைப்பாறும். சிக்கலான பூச்சி உருவங்கள் இதற்கு நேர்மாறு. தொடக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கடைசியில் கால்கள் சமமாக வராது. அவற்றை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி இன்பம் அதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் நிறமும் மறுபக்கம் வெள்ளையுமாக, 15 செ.மீ. சதுரத்தில் வரும் 'காமி' தாள் மெல்லியது. கொக்கின் கழுத்து, வால் போன்ற ஒடுங்கிய இடங்களுக்கு அதுவே ஏற்றது. சாதாரண ஏ4 தாளில் அந்த இடங்கள் தடித்துவிடும். ஆனால் சோனோபேக்கு ஏ4 தாள் அருமை. விறைப்பு இருப்பதால் செருகிய முனை எளிதில் நழுவாது. மினுமினுப்புப் பூச்சுத் தாள்களை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மடித்த கோட்டில் பூச்சு உதிர்ந்து வெள்ளை தெரியும். மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்துத் துவண்டுபோகிறது, அதனால் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன். மற்றபடி ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும்.

ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவாவுக்கு (1911–2005) நான் மனமார நன்றி சொல்வேன். கோடுகளும் அம்புக்குறிகளும் கொண்ட அவருடைய குறியீட்டு முறை பரவியதால்தான் ஜப்பானிய மொழி தெரியாமலேயே ஜப்பானியப் படங்களைப் பார்த்து மடிக்க முடிகிறது.

முப்பது அலகுப் பந்தைச் செய்ய விரும்புகிறவர்கள் மூன்று நிறங்களில் பத்துப் பத்தாக மடித்துக்கொள்ளுங்கள். மூன்று அலகுகள் சேர்ந்து எழும் ஒவ்வொரு கூம்பிலும் மூன்று நிறங்களும் வர வேண்டும், ஒரு புள்ளியைச் சுற்றி ஐந்து கூம்புகள் சேர வேண்டும். கடைசி அலகுகளைச் செருகும்போது விரலுக்கு இடமிருக்காது. சிறு இடுக்கி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.